பட்டறைமேல் சுண்ணாம்பு வட்டம்

சின்ன வெங்காயத்தைப் பற்றி என்னிடம் யாரும் பேச்செடுக்கக் கூடாது. சாம்பாரில் போட்டால் சாப்பிடுவேன், அத்தோடு சரி. விலை ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டில் யாராவது ஆரம்பித்தால் எனக்கு உச்சிக்குச் சூடு ஏறும். இத்தனைக்கும் ஒரு காலத்தில், எழுபதுகளின் பிற்பகுதியில், தென்காசி வட்டாரத்தில் வெங்காய விலை எந்தப் பக்கம் திரும்பும் என்பது பாதி வியாபாரிகளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நான் வியாபாரி அல்ல. சுந்தரபாண்டியபுரத்து ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். காலையில் தென்காசியிலிருந்து பஸ், சாயங்காலம் திரும்ப பஸ்.

இருந்தது அண்ணன் வீட்டில். என்னை அச்சன்புதூரில் கட்டிக்கொடுத்தார்கள், ஒத்துவரவில்லை. அந்த மனிதர் குடித்தார், நான் வாய் பேசினேன். ஒரு வருஷம் முடிவதற்குள் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டேன். அண்ணன் வாசலில் நின்று, "வந்தாச்சுல்லா, உள்ள போயி சாப்பிடு" என்றான். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவனை மனதுக்குள் கோயில் கட்டிக் கும்பிட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணனைப் போய் அவன் இவன் என்று எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நேரில் 'நீங்க, வாங்க'தான். எழுத உட்கார்ந்தால் மரியாதை வரமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய?

அண்ணனுக்குப் பாவூர்சத்திரம் சந்தையில் சின்ன மண்டி, வெங்காயம் மட்டும். வீட்டில் மதினி, மூன்று பிள்ளைகள். மண்டி வருமானம் ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. என் சம்பளம் மட்டும் மாதா மாதம் வரும். வாங்கிய அன்றே கவரோடு மதினி கையில் கொடுத்துவிடுவேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். சோறு போடுகிறார்களே.

இனி அச்சாரக் கதை. எங்கள் பக்கத்தில் வெங்காயம் எடுத்ததும் விவசாயிகள் உடனே விற்றுவிட மாட்டார்கள். விலை கிடையாய்க் கிடந்தால் காட்டிலேயே பட்டறை போட்டு வைப்பார்கள். தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் கம்பு பரப்பி, சுற்றிலும் மூங்கில் தட்டி அடைத்து, மேலே ஓலை வேய்ந்த நீளமான கூண்டு. காற்று உள்ளே போய்வர வேண்டும், மழை மட்டும் போகக் கூடாது. வியாபாரி வந்து பட்டறையைப் பார்த்து, இன்ன விலைக்கு ஆவணி பிறப்பதற்குள் எடுத்துக்கொள்கிறேன் என்று பேசி, ஒரு சின்னத் தொகையை அச்சாரமாகக் கொடுப்பார். அந்தக் கெடு முடியும்வரை விவசாயி வேறு யாருக்கும் விற்கக் கூடாது. இடையில் விலை ஏறினால் வியாபாரி, பேசிய பழைய விலைக்கே சரக்கை ஏற்றிக்கொண்டு போவார். ஏறவில்லையா, அந்தப் பக்கமே வரமாட்டார்; அச்சாரத்தை விவசாயி வைத்துக்கொள்ளலாம். நட்டம் வந்தால் அச்சாரத்தோடு போயிற்று, லாபம் வந்தால் பட்டறை முழுக்க லாபம்.

அச்சாரம் விழுந்த பட்டறைக்கு அடையாளம் உண்டு. இன்னொரு வியாபாரி வந்து விலை கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகத் தட்டியில் சுண்ணாம்பால் குறி போட்டுவிடுவார்கள். ஆளுக்கு ஒரு குறி. ஒருவருக்குப் பெருக்கல் குறி, ஒருவருக்கு இரண்டு கோடு. என் அண்ணனுக்கு முக்கோணம். பாவூர்சத்திரத்திலேயே பெரிய மண்டி வைத்திருந்த ஒருவருக்கு வட்டம். கேரளாவுக்கு லாரி லாரியாக அனுப்புகிறவர் அவர். திண்டுக்கல் வரைக்கும் ஆள் வைத்திருந்தார். எங்கே மழையில் பயிர் போயிற்று, எங்கே விளைச்சல் தூக்கலாக இருக்கிறது, எல்லாம் முதலில் அவர் காதுக்குத்தான் வரும். ஆள் வாயைத் திறக்கவே மாட்டார். வாய் மூடியிருந்தால் போதுமா? விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் அச்சாரம் போட்டுத்தானே ஆக வேண்டும்? போட்டால் வட்டம் விழுந்துதானே ஆக வேண்டும்?

அதை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன்.

பெண்கள் இருக்கை இடப்பக்கம். காலையில் பஸ் ஸ்டாண்டிலேயே ஏறிவிடுவதால் எனக்கு ஜன்னலோரம் கிடைத்துவிடும். சாயங்காலம் அந்தப் பாக்கியம் கிடையாது. நின்றுகொண்டே வர வேண்டும், யாருடைய கூடையாவது என் முகத்துக்கு நேரே இருக்கும். அதனால் காலைப் பயணம்தான் எனக்குக் கணக்கு. ஒரு வைகாசியில் வெங்காய விலை செத்துக் கிடந்தது. எந்த வியாபாரியும் காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த வாரம் பார்க்கிறேன், பட்டறை பட்டறையாக வட்டம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அண்ணனிடம் சொன்னேன்.

"ஏட்டி, நீ பிள்ளையளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்கப் போறியா, பட்டறை எண்ணப் போறியா?" என்று சிரித்தான்.

"சிரிக்காதீங்க அண்ணே. சந்தை படுத்துக் கெடக்கு. அப்பம் எதுக்கு அந்த மனுசன் இத்தன பட்டறைக்கு அச்சாரம் போடுதாரு? அவருக்கென்ன கிறுக்கா?"

அண்ணன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலையிலேயே போய், குறி விழாத பட்டறைகளாகப் பார்த்து அவனும் அச்சாரம் போட்டான். ஆடி பாதியில் விலை பிய்த்துக்கொண்டு ஏறியது. திண்டுக்கல் பக்கம் பயிர் அழுகிவிட்டது என்று அப்புறம்தான் பேப்பரில் வந்தது. அண்ணன் எனக்கு ஒரு சேலையும், லாபத்தில் ஒரு பங்கும் கொண்டுவந்து கொடுத்தான். "இது உனக்கு. வீட்டுச் செலவுக்குன்னு இதுலருந்து ஒரு பைசா எடுக்கப்படாது, ஆமா" என்றான். அந்தப் பணத்தைப் போஸ்ட் ஆபீசில் போட்டேன்.

அதிலிருந்து எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. வட்டம் பார்ப்பதில் நான் கைதேர்ந்தவள் ஆகிவிட்டேன். எல்லா வட்டத்துக்கும் ஒரே அர்த்தம் கிடையாது என்பதை ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றேன். பெரிய மண்டிக்காரர் கேரளாக் கடைகளுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருப்பார். அந்தச் சரக்கு கைவசம் இருக்க வேண்டுமே என்பதற்காகவும் அச்சாரம் போடுவார். அது வழக்கமான காரியம், அதில் சேதி எதுவும் இல்லை. அந்த வருஷம் நாங்கள் அவர் பின்னால் போய் அச்சாரத்தைத் தொலைத்தோம். அப்புறம் நான் உஷார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை விட வரும் அம்மாக்களிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பேன். கெடு எவ்வளவு நாள்? அச்சாரம் வழக்கம்போலத்தானா, கூடவா? விலை படுத்திருக்கும் சமயத்தில், வழக்கத்துக்கு மேல் அச்சாரம் கொடுத்து, நீண்ட கெடு வாங்கி, வரிசையாக வட்டம் போட்டால் மட்டும்தான் அந்த மனிதருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அப்போதுதான் அண்ணனிடம் சொல்வேன். சொன்னது பெரும்பாலும் தப்பாது. தப்பினாலும் அச்சாரத்தோடு போகும்.

இப்படிச் சில வருஷம். போஸ்ட் ஆபீஸ் பணம் வளர்ந்தது.

அண்ணன் வீட்டில் எனக்கு இடம் கூடம்தான். விருந்தாள் வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். உடை மாற்றுவதென்றாலும் குளியலறை காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லாமல் ஒரு பெண் எத்தனை வருஷம் இருப்பாள்? அப்போது ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்தது. ஓட்டு வீடுதான், இரண்டு அறை, ஒரு கிணறு, கொல்லையில் முருங்கை. ரிட்டயரான போஸ்ட்மேன் ஒருவருடையது. மகனோடு இருக்க மெட்ராஸ் போகிறார். என்னைத் தெரிந்தவர். "டீச்சரம்மா, ஆவணிக்குள்ள முடிச்சுக்கிடுங்க, அதுவரைக்கும் வேற ஆளுகிட்டப் பேச மாட்டேன்" என்றார். என்னிடம் இருந்ததோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் போதும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் சொன்னேன். மதினி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அண்ணன், "தனியாவா இருக்கப் போற?" என்றான்.

"ஆமாண்ணே. கூப்பிடு தூரந்தானே. தெனமும் வந்துட்டுப் போறேன்."

"நல்ல காரியந்தான். வாங்கு" என்றான். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தேன். நினைத்தேனே, அதைச் சொல்லுங்கள்.

அந்த ஆனி தொடக்கத்தில் ஒரு காலை. பஸ் ஊரைத் தாண்டிக் காட்டுப் பக்கம் வந்ததும் நான் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டேன். வட்டம். அடுத்த பட்டறை, வட்டம். அதற்கடுத்தது, வட்டம். இத்தனை வருஷத்தில் அப்படி வரிசையாக நான் பார்த்ததே இல்லை. விலை படுபாதாளத்தில் இருந்தது. வேறு எந்தக் குறியும் கண்ணில் படவில்லை. பள்ளிக்கூடத்தில் அன்று எனக்குப் பாடமே ஓடவில்லை. முருகா, வீட்டுக்கு வழி பண்ணிவிட்டாயே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அண்ணனிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவன் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டான். "நெசமாவா? நல்லாப் பாத்தியா?"

"கண்ணு அவிஞ்சா போச்சு? நல்லாப் பாத்தேன். நாளைக்கு அம்மாக்கள்ட்ட கெடு கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

"அந்தக் காரியம் மட்டும் செஞ்சிராத" என்றான் சட்டென்று. "டீச்சரு பட்டறைய விசாரிக்கான்னு போன வருசமே மண்டில பேச்சு வந்துட்டு. பெரிய மண்டிக்காரர் காதுக்குப் போச்சுன்னா நாளைலருந்து குறி போடுததையே நிறுத்திருவாரு. அப்பொறம் நமக்கு ஒண்ணும் தெரியாது, பாத்துக்கோ."

அது நியாயமாகப் பட்டது. சரி, என் பணத்துக்கு அச்சாரம் போட்டுவிடுங்கள் என்றேன்.

"அச்சாரம் போட்டு என்ன கெடைக்கும்? மிஞ்சிமிஞ்சிப் போனா வீட்டுக்கு ஒரு செவரு கெடைக்கும். விலை இப்பம் தரையில கெடக்கு. சரக்கையே வெலைக்கு எடுத்துப்போடு. ஓணத்துக்கு முன்னால வித்தா வீடும் வாங்கலாம், பால் காய்ச்சுத செலவும் வந்துரும். இப்பிடி ஒரு வரிசை பாத்ததே இல்லன்னு நீயே சொல்லுத. பொறவு என்ன பயம்?"

நான் சொன்ன வார்த்தையையே எனக்குத் திருப்பித் தந்தான். அச்சாரம் போட்டால் அச்சாரம்தான் போகும். சரக்கை எடுத்தால் மொத்தமும் போகும். இது தெரியாதவளா நான்? தெரியும். ஆனால் எதிரில் உட்கார்ந்து சொல்வது அண்ணன். போஸ்ட் ஆபீசில் இருந்தது முழுவதையும் எடுத்தேன். பாவூர்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு விவசாயியிடம் சரக்கு பேசி முடித்து, அண்ணனே முன்னால் நின்று எடை போட்டு, சந்தைக்குப் பின்னால் ஒரு சரக்குக் கிட்டங்கியில் அடுக்கி வைத்தான்.

சாரல் அந்த வருஷம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்று ஊரே சந்தோஷப்பட்டது. எனக்குக் கிட்டங்கியின் நினைப்புதான். விலை ஏறவில்லை. ஒரு வாரம், இன்னொரு வாரம். ஆடி பிறந்தது. ஏறவே இல்லை. கிட்டங்கிக்குப் போய்ப் பார்த்தால் உள்ளே கால் வைக்க முடியவில்லை; மூட்டைக்கு அடியில் தண்ணீராகக் கசிந்துகொண்டிருந்தது. கூலிக்குப் பெண்களைப் பிடித்து நல்லது கெட்டது பொறுக்கச் சொன்னேன். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். அந்த நாற்றம் சேலையை விட்டுப் போக நாளாயிற்று. தேறியதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். போஸ்ட்மேன் வீட்டுக்குப் போய், என்னால் முடியவில்லை என்று சொன்னேன். அந்த மனிதர் எனக்கு ஆறுதல் சொன்னார். திரும்பி நடக்கும்போது தெருவில் எதிரே வந்தவர் முகம் எதுவும் தெரியவில்லை.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தேன். காலை பஸ்ஸில் போகும்போது வட்டம் போட்ட பட்டறைகளைப் பிரித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏற்றிக்கொண்டு போன வண்டிகள் வேறு வேறு மண்டிகளுடையவை. கெடு முடியாமல் எப்படி விற்பார்கள்? அச்சாரம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள், இந்த ஊர் இவ்வளவு கெட்டுப்போய்விட்டதா என்று நான் பல்லைக் கடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி, "மனசு சரியில்லாம இருக்க, வா, அருவில தலையக் காட்டிட்டு வருவோம்" என்று குற்றாலத்துக்கு அழைத்துப் போனாள். பெரிய அருவியில் பெண்கள் பக்கம் நெரிசல். குளித்துவிட்டு ஈரத்தோடு ஒதுங்கி நின்றபோது என் வகுப்புப் பையன் ஒருவனுடைய அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். ரோட்டோரத்துப் பட்டறைகளில் ஒன்று அவர்களுடையது. நலம் விசாரித்தாள். எனக்கு ஏற்கெனவே எரிச்சல், கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அச்சாரம் வாங்கிட்டு வேற ஆளுக்கு விக்கியளே, இது நல்லாவா இருக்கு?"

அவள் துவட்டுவதை நிறுத்தினாள். "அச்சாரமா? எங்களுக்கு யாரு டீச்சர் அச்சாரம் குடுத்தா?"

"தட்டில வட்டம் போட்டிருந்துச்சே."

"அத ஏன் கேக்கிய! வட்டம் போட்டது உங்க அண்ணாச்சில்லா? பெரிய மண்டிக்காரர் போடச் சொன்னாருன்னும், அச்சாரம் பொறவு வரும்னும் சொல்லி சுண்ணாம்பு வாளியத் தூக்கிட்டு வந்தாவ. நாங்களும் நம்பி உக்காந்திருந்தோம். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. சாரல் வேற பிடிச்சுட்டு. எங்க வீட்டு ஆளு பெரிய மண்டிக்கே போயி கேட்டாவ. இந்த வருசம் அந்தப் பக்கம் ஒரு பட்டறைக்கும் நான் அச்சாரம் போடலியேன்னு சொல்லிட்டாராம். சரி, நாசமாப் போவுதுன்னு கெடச்ச வெலைக்கு வித்தோம்."

மதினி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, மாத்துச் சேல நனையுது. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மாற்றுச் சேலை பையில்தான் இருந்தது. நனையவில்லை.

"உங்க பட்டறைக்கு மட்டுமா போட்டாங்க?" என்று கேட்டேன்.

"எங்க வரிசை பூராவும். நாங்கூடக் கேட்டேன், ஏன் அண்ணாச்சி, பாதிப் பட்டறைக்கு வண்டிப்பாதை பக்கந்தானே போடுவாவ, நீங்க எல்லாத்துக்கும் ரோட்டப் பாத்துப் போடுதியளேன்னு. அங்கனதான் போடணும்னு சொன்னாவ."

மதினி அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், காட்டுக்கு நடுவிலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கண்டக்டர், "டீச்சர், இங்கன என்ன வேல?" என்று கேட்டார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. இடப்பக்க வரிசையில் பிரிக்காமல் மிச்சமிருந்த பட்டறைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வட்டம், ஒவ்வொன்றும் ரோட்டைப் பார்த்து. மழையில் கரைந்து வழிந்திருந்தன. ரோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனேன். அங்கேயும் பட்டறைகள் இருந்தன, அதே மாதிரி, அதே விவசாயிகளின் பங்காளிகளுடையவை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். ஒன்றில்கூட வட்டம் கிடையாது.

காலை பஸ்ஸில் எனக்கு இடப்பக்க ஜன்னல். அதை அவனிடம் ஆசை ஆசையாகச் சொன்னவள் நான்தான். அந்தக் காடு முழுவதிலும் ஒரே ஒரு ஆளின் கண்ணுக்காக என் கூடப் பிறந்தவன் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்திருக்கிறான். பெரிய மண்டிக்காரர் போட்டால் பணம் கொடுத்துத்தான் போடுவார், அதனால் வட்டம் பொய் சொல்லாது என்று நம்பியிருந்தேன். சுண்ணாம்புக்கு என்ன செலவு? அந்த இடத்திலேயே வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டேன்.

அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது நான் கூடத்தில் நின்றிருந்தேன். அவன் கை கழுவி, இலை முன் உட்கார்ந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்தான்.

"வட்டம் போட்டது யாரு?" என்றேன்.

"எந்த வட்டம்?"

"நீ போட்டியா இல்லியா? அத மட்டும் சொல்லு."

அவன் நிமிர்ந்தான். "என்னட்டி, என்னயப் போயி 'நீ'ன்னு சொல்லுத?"

"ஓகோ, அது ஒண்ணுதான் உன் காதுல விழுந்துதோ?"

பிசைந்த சோற்றை இலை ஓரமாக ஒதுக்கினான். அப்புறம் நிதானமாகவே சொன்னான். "ஆமா, நாந்தான் போட்டேன். நீ தனியா வீடு எடுத்து இருந்தா ஊர்ல என்ன பேசுவான்? கெட்டிக்குடுத்த எடத்துலயும் இருக்கல, கூடப்பொறந்தவன் வீட்லயும் இருக்கலன்னு பேசுவான். வேண்டாம்னு சொன்னா நீ கேக்கப் போறியா? உன் வாய்க்கு முன்னால நான் நிக்க முடியுமா? அதான் இப்பிடி. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"என் காச அழுக வச்சது என் நல்லதுக்கா?"

"காசு காசுன்னு சொல்லுத. அதுல நான் ஒரு பைசா தொட்டேனா? சத்தியமாச் சொல்லு, தொட்டேனா?"

தொடவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. திருடியிருந்தால், பாவம், மண்டியில் கஷ்டம் போலிருக்கிறது என்று மன்னித்திருப்பேன். ஒரு பைசா லாபமில்லாமல் என்னை மொட்டையடித்திருக்கிறான்.

அடுப்படியிலிருந்து மதினியின் குரல் வந்தது. "மூணு பிள்ளைய வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய? நீ பாட்டுக்குச் சம்பளக் கவரத் தூக்கிட்டுப் போயிட்டா இந்த வீட்ல உலை வைக்க வேண்டாமா?"

அண்ணன் "நீ சும்மா கெட" என்று அவளை அதட்டினான். பொய் கலக்காமல் பேசியது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். கேட்டிருந்தால் சம்பளத்தில் பாதியை அங்கேயே கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பேன். கேட்பதற்கு அவனுக்கு வாயில்லை. காடு காடாக அலைந்து வட்டம் போட மட்டும் காலிருந்தது.

அந்த வாரமே வெளியேறினேன். கையில் ஒன்றுமில்லாதவளுக்குத் தென்காசியில் யார் வீடு கொடுப்பார்கள், அதுவும் தனியாக வருகிறவளுக்கு? சக டீச்சர் ஒருத்தி வீட்டில் சீசன் முடியும்வரை இருந்துவிட்டு, குற்றாலத்தில் ஒரு ரூம் பிடித்தேன். சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடும் வரிசை ரூம்களில் ஒன்று. கூட்டம் போய்விட்டால் அவை சும்மா கிடக்கும், சல்லிசாகக் கொடுப்பார்கள். திரும்ப ஆனி வந்துவிட்டால் சொந்தக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார். "டீச்சர், சீசன் ஆரம்பிச்சுட்டு, நாலு காசு பாக்க வேண்டாமா?" பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும். ஆவணியில் திரும்பி வர வேண்டும். என் முப்பதுகள் இப்படிப் போயின. வருஷா வருஷம் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். யாரும் கேட்கமாட்டார்கள், அருவிச் சத்தம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதை விட்டுவிட்டேன். வட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே பிடிக்கவில்லை. அப்படி ஒரு கண் எனக்கு இருந்தது, அதையும் சேர்த்துத்தான் அவன் கெடுத்தான்.

எண்பதுகளின் கடைசியில் ஆசிரியர்களுக்கு வீட்டுக்கடன் கிடைத்தது. தென்காசியில் ஒரு வீடு வாங்கினேன். மூன்று அறை, தண்ணீர்க் குழாய், மாடிப்படி. தை மாதம் பால் காய்ச்சு. அண்ணனைக் கூப்பிடக் கூடாது என்றுதான் இருந்தேன். கூடப் பிறந்தவனைக் கூப்பிடாமல் என்ன பால் காய்ச்சு என்று சொந்தபந்தம் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டது. சரி, வரட்டும், வந்து ஒரு வார்த்தை, தப்புப் பண்ணிட்டேன்ட்டி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று எனக்குள்ளும் ஒரு நப்பாசை இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வந்தான். தலை நரைத்திருந்தது. ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான், மாடிக்கு ஏறி இறங்கினான். இறங்கி வந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"பாத்தியாட்டி, அன்னைக்கு அந்த ஓட்டு வீட்ட வாங்க விடாம நான் தடுத்தது எம்புட்டு நல்லதாப் போச்சு. வாங்கியிருந்தா இந்த வீடு உனக்குக் கெடச்சிருக்குமா?"

சுற்றியிருந்தவர்கள், ஆமா, அண்ணாச்சி சொல்லுதது சரிதான் என்று தலையாட்டினார்கள். நான் அவன் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தோஷத்தில் இருந்தான். இத்தனை வருஷத்தில் ஒரு ராத்திரிகூட அது அவனை உறுத்தவில்லை. நான் அவன் வார்த்தைக்குக் காத்திருந்த அத்தனை வருஷமும் அவன் என் நன்றிக்குக் காத்திருந்திருக்கிறான்.

"சீனி கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று டம்ளரை என் பக்கம் நீட்டினான்.

நான் கையை நீட்டவில்லை. மதினிதான் எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போனாள்.